அறுபத்து நான்கு

பகலில் நான் எடைமேடைக் கிராணி.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும்போது ஒரு எண்,
வெறும் லோரியாய் இறங்கும்போது ஒரு எண்,
கழித்து வருவதை எழுதிக் கையெழுத்துப் போடுபவன்.

இன்றிரவு குதிரைகளுக்கு எழுதுகிறேன்.
ஆள் போதவில்லையாம்.
என் கையெழுத்து புரியும் என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

சுங்கை செராயா தோட்டப் பள்ளித் திடல்.
ஜெனரேட்டர் இரைச்சல். ஐஸ் மிதக்கும் தொட்டிகள்.
எண்பது கிலோமீட்டர், மூன்று சுற்று.
வெயிலில் ஓடினால் வெந்துவிடும் என்று
நள்ளிரவில் விட்டார்கள்.
நெற்றி விளக்குகள் செம்பனை வரிசைக்குள் நுழைந்து
ஒவ்வொன்றாக அணைந்தது போலிருந்தது.

டாக்டர் ரொஹாய்டா முதலிலேயே சொன்னார்:
வந்து சேர்ந்த நிமிஷத்தை எழுது.
அதிலிருந்து இருபது நிமிஷம்.
அதற்குள் நாடி அறுபத்து நான்குக்கு இறங்கணும்.
அறுபத்தைந்து இருந்தால்?
அறுபத்தைந்து, அறுபத்து நான்கு இல்லை.
எடைமேடை பாஷை.
எனக்குப் பிடித்துவிட்டது.

கழுத்துத் தோலைக் கிள்ளி விடுவார்,
எத்தனை நொடியில் படிகிறது என்று பார்ப்பார்.
உதட்டைத் தூக்கி ஈறில் விரலை அழுத்துவார்,
வெளுத்த இடத்துக்கு ரத்தம் திரும்பும்வரை எண்ணுவார்.
வயிற்றின் நான்கு மூலையிலும் காது வைப்பார்.
குடல் பேசணும், கிராணி.
பேசாத குடல்தான் எனக்குப் பயம்.
நான் எழுதினேன்: ஏ, ஏ, பி, ஏ.

அப்புறம் ஓட்டம்.
கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நாற்பது மீட்டர் போய்
திரும்பி வரணும்.
இறுக்கிப் பிடித்தால் தலை ஆடுவது தெரியாதாம்;
நொண்டலைக் கையால் மறைக்கக் கூடாதாம்.
கறுப்புக் குதிரைக்காரர் மறைத்தார்.
தளர்த்துங்கள் என்றார் டாக்டர்.
தளர்ந்தது கயிறு; ஒவ்வொரு நாலாம் அடிக்கும்
ஆமாம் ஆமாம் என்றது குதிரை.
அவர் போட்ட சத்தத்தில்
ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் கேட்கவில்லை.

மூன்று பதினொன்றுக்கு வந்தாள் மெலூர்.
சாம்பல் நிறம், கழுத்தெல்லாம் உப்பு.
லோகன் தண்ணீர் ஊற்றி வழித்து, ஊற்றி வழித்து
எட்டே நிமிஷத்தில் கொண்டுவந்தான்.
ஐம்பத்தெட்டு.
தோல் ஏ. ஈறு ஏ. குடல் ஏ. நடை ஏ.
அன்றிரவு அப்படி ஒரு அட்டை நான் எழுதவில்லை.
இரண்டாவது இடம். கடைசிச் சுற்றுதான் பாக்கி.

நாற்பது நிமிஷம் கட்டாய ஓய்வு.
சர்மளா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள்,
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்காமல்.
தவிடு வைத்தார்கள். கேரட் வைத்தார்கள்.
லோகன் ஓடிப்போய் வடிகால் ஓரத்தில்
பச்சைப் புல் அறுத்து வந்தான்.
மெலூர் முகர்ந்தது.
முகத்தை விளக்குப் பக்கம் திருப்பிக்கொண்டது.

முப்பத்தேழாவது நிமிஷம் என் மேசைக்கு வந்தாள்.
அண்ணே, நிறுத்திக்கிறேன்.
எல்லாம் ஏ தானேம்மா?
அவ மெல்லலண்ணே.
ஆறு மாசப் பாடு, என்றான் லோகன், தொட்டியை உதைத்து.
டாக்டர் மறுபடி காது வைத்தார், நெடுநேரம்.
நான் போகலாம் என்றுதான் சொல்வேன், சர்மளா.
தெரியும் டாக்டர்.
டாக்டர் குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
சரி என்றார்.
அந்தச் சரியில் வாதம் இல்லை.

காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.
நொண்டல் இல்லை. நாடி இல்லை.
'தின்னவில்லை' என்று மலாயில் எழுதினேன்.
சின்ன எழுத்தில்; கட்டம் அவ்வளவுதான்.

அவளை ஏற்றிப்போன வண்டி
விடியுமுன் திடலைக் கடந்தது.
மெலூர் பிறகு தின்றதா, எனக்குத் தெரியாது.

ஏழு மணிக்கு ஆலை.
முதல் லோரி மேடையில் ஏறி நின்றது.
பதினெட்டு டன், ஐந்நூற்று நாற்பது.
ஓட்டுநர் குணாளன் கையை நீட்டினான்,
கண் இரண்டும் சிவந்து.
வருஷக்கணக்கில் அந்தக் கைக்குச் சீட்டு கொடுக்கிறேன்.

பசியாறிட்டியா, என்றேன்.

என்னண்ணே, புதுசா, என்று சிரித்தான்.
பின்னால் இரண்டு லோரி ஹாரன் அடித்தது.

சீட்டை நான் இன்னும் நீட்டவில்லை.